வென்ற அணிதான் நன்றாக விளையாடியதா?

2016 டிசம்பர் 10 இரவு ரொறன்ரோ பிஎம்ஓ மைதானத்தில் நடந்த எம்எல்எஸ் கிண்ண இறுதியாட்டத்தை இங்குள்ள உதைபந்தாட்டப் பிரியர்கள் லேசில் மறக்கமாட்டார்கள். 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. அவ்வளவு நேரத்திலும் சியாற்றில் சவுண்டர்ஸ் அணி கோல் கம்பங்களுக்குள் போகும்படி ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. ஆனால் தண்ட உதைகளில் 5-4 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது அவர்கள்தான்.

இது எப்படி நடக்கிறது? கூடைப்பந்தில் ராப்டர்ஸ் அணி ஓர் ஆட்டத்திலேயே 100 புள்ளிகளைத் தாண்டும். ஒரு வீச்சு தவறினால் பெரிய நட்டமில்லை. உதைபந்தில் இரண்டு, மூன்று கோல் விழுவதே அதிகம். அதனால் கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து முழு ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடும். அன்று ஆறாவது தண்ட உதையை ஜஸ்ரின் மோரோ அடித்தபோது பந்து மேற்கம்பத்தில் பட்டது. அடுத்து வந்த றோமன் ரொறஸ் கோல் போட்டார்.

இப்போது ஆய்வாளர்கள் கோல்களை மட்டும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு உதையும் எந்தத் தூரத்தில், எந்தக் கோணத்தில் இருந்து வந்தது என்று பார்த்து, அது கோலாகும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். தண்ட உதை என்றால் நூற்றுக்கு 75 அளவில் உள்ளே போகும். தூரத்தில் இருந்து அடிப்பதற்கு அதில் சிறு பங்குதான். அவற்றைக் கூட்டினால் யார் கூடுதலாக வாய்ப்புகளை உருவாக்கினார்கள் என்பது தெரியும்.

அதற்காகச் சியாற்றில் வென்றது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 108ஆவது நிமிடத்தில் ஜோசி அல்ரிடோர் தலையால் முட்டிய பந்தைக் காப்பாளர் ஸ்ரெபான் பிறை பின்பக்கமாகப் பாய்ந்து ஒரு கையால் தட்டிவிட்டார். அதுவும் விளையாட்டுத்தானே? (2013 வரை அவர் எங்கள் ரொறன்ரோ அணியின் காப்பாளர் என்பது இன்னொரு எரிச்சல்.)

மறு வருடம், 2017 டிசம்பர் 9, அதே மைதானம், அதே இரண்டு அணிகள். மீண்டும் ரொறன்ரோவின் ஆதிக்கம், மீண்டும் பிறை தடுத்துக்கொண்டே இருந்தார். 67ஆவது நிமிடத்தில் அல்ரிடோரின் பந்து உள்ளே போனது, கடைசியில் 2-0. அந்தப் பந்தையும் பிறை தட்டிவிட்டிருந்தால்? ஆனாலும் அவ்வருடம் ரொறன்ரோதான் சிறந்த அணி என்பதில் சந்தேகமில்லை. 34 லீக் ஆட்டங்களில் 69 புள்ளிகள், அப்போதைய சாதனை. ஓர் ஆட்டம் ஏமாற்றலாம், 34 ஆட்டங்கள் ஏமாற்றுவது கடினம்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் சனிக்கிழமை விளையாடிவிட்டு வரும் பிள்ளையிடம் நாங்கள் முதலில் கேட்பது "வெண்டியளோ?" என்றுதான். ஓர் ஆட்டத்தின் பதிலை வைத்துப் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று முடிவெடுக்கும் பெற்றோரும் உண்டு. எத்தனை தரம் நல்ல இடத்தில் பந்து வாங்கினாய் என்று கேட்டால் கூடுதலாக விளங்கும்.

2022 உலகக் கிண்ணத்தில் பெல்ஜியத்தை விடக் கனடா எவ்வளவோ கூடுதலாகக் கோலை நோக்கி அடித்து, ஒரு தண்ட உதையையும் தவறவிட்டு, 0-1 என்று தோற்றது. அநியாயம் என்றோம். அதற்கு முந்திய வருடம் ரோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் சுவீடனுடன் 1-1 என்று நின்று, தண்ட உதைகளில் 3-2 என்று எங்கள் பெண்கள் அணி தங்கம் வென்றபோது அப்படி யாரும் சொல்லவில்லை.