ஆயத்த மதிய உணவுப் பெட்டிகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

காலையில் சமைக்க நேரமில்லாத வீடுகளுக்கு ஆயத்த உணவுப் பெட்டிகள் பெரும் வசதியாகத் தோன்றுகின்றன. அமெரிக்காவில் 1980களின் இறுதியிலிருந்து விற்கப்பட்டுவரும் ‘லஞ்சபிள்ஸ்’ இவ்வகையில் பெயர் பெற்றது. பதப்படுத்திய இறைச்சி, பாலாடைக்கட்டி, உப்பு பிஸ்கட் ஆகியன தனித்தனி அறைகளில் அடுக்கப்பட்டிருக்கும். 2023ஆம் ஆண்டு இதன் இரு வகைகள் அந்நாட்டு அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்திலும் இடம்பெற்றன.

2024 ஏப்ரலில் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் நுகர்வோர் அமைப்பு, கடைகளில் கிடைக்கும் இத்தகைய 12 பெட்டிகளின் ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. ஒரு வேளை உணவில் 460 முதல் 740 மில்லிகிராம் வரை சோடியம் இருந்தது. 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு அந்நாட்டு வல்லுநர்கள் வகுத்துள்ள நாள் வரம்பு 1500 மில்லிகிராம். பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட வான்கோழி இறைச்சிப் பெட்டியிலோ 930 மில்லிகிராம் இருந்தது. புரத விதியை நிறைவு செய்ய இறைச்சியைக் கூட்டியபோது உப்பும் உடன் கூடிவிட்டது. தேவை குறைவு என்று கூறி, 2024 நவம்பரில் நிறுவனம் அவற்றைத் திட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டது.

ஆய்வு செய்த பெட்டிகளில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் காணப்பட்டன. அவை சட்ட வரம்பை மீறவில்லை. எனவே எப்போதோ ஒரு முறை உண்டதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் ஈயம் உடலில் சிறுகச் சிறுகச் சேர்வது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் அதனை மிகுதியாக உறிஞ்சுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகளிடம் இன்னும் மிகுதி. ஆகவே நாள்தோறும் தருவதே கவலைக்குரியது.

இரத்த அழுத்தம் உயர்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் உணவு பற்றிக் கேட்டால், “வீட்டில் உப்பைக் குறைத்துத்தான் போடுகிறோம்” என்பார்கள். அது உண்மையே. ஆனால் நூடுல்ஸ் மசாலா, சிப்ஸ், சாஸ் ஆகியவற்றின் வழியே வரும் உப்பு அவர்கள் கணக்கில் வருவதில்லை. சிறுநீரக நோய்க்கு மருந்து உண்ணும் குழந்தைக்கு இந்த உப்பே வீக்கத்தை மீண்டும் வரவழைக்கலாம்.

பொட்டலம் வாங்கும்போது சோடியம் அளவைப் பாருங்கள். அதனை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்கு 1000 மில்லிகிராம் சோடியம் எனில், 70 கிராம் பொட்டலத்தை முழுதும் உண்ணும் குழந்தை ஒன்றே முக்கால் கிராம் உப்பை உட்கொள்கிறது. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அடங்கிய உணவு குளிரில் வைக்கப்பட வேண்டியது; நம் வெயிலில் நண்பகல்வரை புத்தகப்பையில் கிடக்கத் தக்கதன்று.

மிகுந்த கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் கொண்ட உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்க 2020ஆம் ஆண்டின் இந்திய விதிமுறைகள் தடை விதிக்கின்றன. வீட்டிலிருந்து செல்லும் டப்பாவுக்கு அவ்விதி பொருந்தாது. அங்கே பொறுப்பு நம்முடையது. எலுமிச்சை சாதமும் சுண்டலும், அல்லது இட்லியும் அவித்த முட்டையும் போதும். ஊறுகாயும் அப்பளமும் அளவோடு இருக்கட்டும். சிறுநீரகம், இதயம் தொடர்பான சிகிச்சை பெறும் குழந்தைக்கு உரிய உப்பின் அளவை அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் தவறாமல் கேட்டறியுங்கள்.