பட்டப்பகலில் பறக்கும் அந்துப்பூச்சி… இறக்கையே அடையாள அட்டை, தெரியுமா?

அந்துப்பூச்சி என்றால் ராத்திரியில் டியூப்லைட்டைச் சுற்றும் பூச்சி என்றுதானே நினைக்கிறீர்கள்? பட்டப்பகலில் பூப்பூவாகத் திரியும் அந்துகளும் உண்டு! பட்டாம்பூச்சி, குளவி, தேன்சிட்டு என்று நாம்தான் ஏமாந்துபோகிறோம். இறக்கையை உற்றுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்!

★ கிலுகிலுப்பைச் செடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்த குட்டிப் பூச்சி ஒன்று எழும்பிப் பறக்கும். அழகாக இருக்கிறதே என்று பறவைகள் வாய் வைத்துவிடாது. புழுவாக இருந்தபோது அந்தச் செடியில் தின்ற நஞ்சு இன்னும் உடம்பில் இருக்கிறதே! இதன் அமெரிக்கப் பங்காளி வலையில் சிக்கினால், சிலந்தியே இழைகளை அறுத்து வழியனுப்பிவிடுமாம்!

★ கறுப்பு இறக்கையில் கண்ணாடி ஜன்னல்கள், வயிற்றில் மஞ்சள் வளையங்கள். குளவியா? இல்லை, குளவி வேஷம்! கொடுக்கே கிடையாது. இதன் புழுவுக்குச் சந்தனமர இலை என்றால் உயிர்.

★ பூ முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் பச்சை உடம்புக்காரரின் இறக்கை முழுக்கவே கண்ணாடி! கூட்டைவிட்டு வரும்போது சாம்பல் நிறச் செதில்கள் உண்டு. முதல் தடவை படபடவென அடித்ததுமே அத்தனையும் உதிர்ந்துவிடும். புழுவாக வளர்ந்தது? காபிச் செடியில்!

★ இங்கிலாந்துப் புல்வெளியில் பொட்டு எண்ணத் தெரிந்தால் போதும்! கரும்பச்சை முன்னிறக்கையில் ஆறு சிவப்புப் பொட்டு என்றால் ஓர் இனம், ஐந்து என்றால் வேறு இனம். சில சமயம் ஓரத்துப் பொட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு கணக்கைக் குழப்பும், உஷார்! உணர்கொம்பு நுனி தடித்திருந்தால் பட்டாம்பூச்சி என்ற விதியும் இவரிடம் செல்லாது. நசுக்கினால் வெளிவருவது சயனைடு!

★ மடகாஸ்கரின் அந்தி வண்ண அந்துவை 1773-ல் வர்ணித்த பூச்சியியலாளர் ட்ரூ ட்ரூரியே பட்டாம்பூச்சி என்றுதான் எழுதினார்! அந்த வானவில் பெரும்பாலும் சாயம் அல்ல, செதில்களில் ஒளி ஆடும் ஆட்டம். இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் கோலம்கூட அச்சு அசலாகப் பொருந்தாது!

அடுத்த முறை ஜன்னலோரக் ‘குளவி’க்குச் செருப்பை ஓங்கும் முன், இறக்கையில் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதா என்று ஒரு நொடி பாருங்கள்!