கையில் மூல நிரல் இருந்தால்...

ஒரே மாதிரியான இரண்டு கணிப்பொறிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் இருப்பது ஒரே வகைச் செயலி. ஒன்றில் விண்டோஸ் இயங்குதளம்; மற்றொன்றில் லினக்ஸ். விண்டோஸில் நன்றாக ஓடும் ஒரு நிரலை அப்படியே படியெடுத்து லினக்ஸ் கணிப்பொறியில் போட்டால் அது தானாக ஓடுவதில்லை. செயலி ஒன்றுதானே? அதற்குப் புரியும் கட்டளைகளும் ஒன்றுதானே? பிறகு ஏன் ஓடவில்லை?

மனிதர் எழுதும் நிரல் வேறு. எந்திரம் ஓட்டும் நிரல் வேறு. 'சி' போன்ற மொழியில் நாம் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப்படுவது மூல நிரல். செயலிக்குத் தெரிந்ததோ வெறும் எண்கள். மூல நிரலை இந்த எண்களாக மாற்றித் தருவது, கம்பைலர் என்று அழைக்கப்படும் தொகுப்பான்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளம், முதலில் குறிப்பிட்ட ஓர் எந்திரத்தின் மொழியிலேயே எழுதப்பட்டது. 1973இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதைச் சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதன் பின்னரே அதை வேறு வகை எந்திரங்களுக்குக் கொண்டுசெல்வது எளிதாயிற்று.

எண் 1 என்றால் என்ன பொருள்?

திரையில் 'வணக்கம்' என்று எழுத ஒரு நிரலால் தானாக முடியாது. இயங்குதளத்திடம் கோரிக்கை வைக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. 64 பிட் இன்டெல் வகைச் செயலியில் ஓடும் லினக்ஸில் எண் 1 என்றால் 'எழுது' என்று பொருள். அதே செயலியில் ஓடும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் எண் 1 என்றால் 'நிரலை முடித்துவிடு' என்று பொருள். அங்கே 'எழுது' என்பதற்கு எண் 4. லினக்ஸ் எண்ணை அங்கே கொடுத்தால், வணக்கம் சொல்லும் முன்பே நிரல் விடைபெற்றுவிடும்!

இதற்கும் முன்னால் வாசலிலேயே ஒரு தடை உண்டு. லினக்ஸ் நிரல் கோப்பின் முதல் பைட் 127. அடுத்து ஈ, எல், எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளின் எண்கள். விண்டோஸ் நிரல் கோப்போ எம், இசட் என்ற எழுத்துகளுடன் தொடங்கும். அடையாளம் பொருந்தாத கோப்பை இயங்குதளம் உள்ளே விடுவதில்லை.

மூல நிரலில் இந்த எண்கள் எவையும் இல்லை. 'எழுது' என்று மட்டுமே அது சொல்கிறது. அந்தந்த இடத்துக்கு உரிய எண்ணையும் கோப்பின் வடிவத்தையும் தொகுப்பானும் அதற்குத் துணையான நூலகங்களும் பார்த்துக்கொள்கின்றன.

அளவெடுத்துத் தைத்தல்

தைத்த சட்டை ஒருவருக்குத்தான் பொருந்தும். துணியோ யாருக்கும் பொருந்தும். மூல நிரல் துணியைப் போன்றது. ஆனால் தைப்பதற்கு முன் அளவெடுக்க வேண்டுமல்லவா? பல திறந்த மூல நிரல்களுடன் 'கான்ஃபிகர்' என்ற சிறு நிரல் வருகிறது. அது குட்டிக் குட்டி நிரல்களைத் தொகுத்துப் பார்த்து, உங்கள் கணிப்பொறியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று அறிந்துகொள்கிறது. பிறகு 'மேக்' என்ற கருவி வேலையைத் தொடங்குகிறது. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கியது இது. கடைசியாகத் தொகுத்த பிறகு எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்பதை நேரத்தைக் கொண்டு கண்டறிந்து, அதைச் சார்ந்தவற்றை மட்டும் மீண்டும் தொகுக்கும்.

அளவு தவறினால் என்ன ஆகும்? சி மொழியில் 'லாங்' என்ற முழு எண் வகை உண்டு. 64 பிட் லினக்ஸில் அதற்கு 8 பைட் இடம். 64 பிட் விண்டோஸில் 4 பைட் மட்டுமே. 4 பைட் 'லாங்' வகையில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. அதாவது சுமார் 214 கோடி. உலக மக்கள் தொகையோ 2022இல் 800 கோடியைத் தாண்டிவிட்டது. அதை 'லாங்' வகையில் வைத்துக் கணக்கிடும் நிரல் லினக்ஸில் சரியான விடை தரும். விண்டோஸில் பிழையின்றித் தொகுக்கப்பட்டாலும் தவறான விடை தரக்கூடும். ஆகவே தொகுப்பதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

தையற்காரரை நம்பலாமா?

மூல நிரல் எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்று 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் தொகுப்பானாகிய ஜி.சி.சி. 1987இல் வெளிவந்தது. யாரும் படித்துப் பார்க்கலாம் என்றால் ஏமாற்ற முடியாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள்.

ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிடச் சுமார் அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச் சென்றபோது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறந்த மூல நிரலில் கள்ளக் கதவு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. தீய பகுதி, சோதனைக் கோப்புகள் போன்ற தோற்றத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை வெளியே எடுத்து இணைக்கும் வரிகள், அளவெடுக்கும் 'கான்ஃபிகர்' பகுதியில் இருந்தன. அந்த வரிகள் வெளியீட்டுப் பொதியில் இருந்தன. எல்லாரும் பார்வையிடும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை! தையற்காரர் நமக்குத் தெரியாமல் ஒரு கள்ளப் பையை வைத்துத் தைத்தது போன்றது இது. பெரும்பாலான கணிப்பொறிகளுக்குப் பரவும் முன்பே இது கண்டுபிடிக்கப்பட்டது.

இத்தகைய மோசடியைப் பிடிக்க ஒரு வழி, ஒரே மூல நிரலை இருவர் தனித்தனியே தொகுத்து, கிடைத்த இரு கோப்புகளையும் பிட் பிட்டாக ஒப்பிடுவது. சூழ்நிலை ஒன்றானால் விளைவும் ஒன்றாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையை மற்றவரும் செய்து சரிபார்ப்பதற்கு ஒப்பானது இது. டெபியன் லினக்ஸ் குழுவினர் இந்த முறையில் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர்.

நீங்களே செய்து பாருங்கள். 'வணக்கம்' என்று எழுதும் ஐந்து வரிச் சி நிரலை விண்டோஸிலும் லினக்ஸிலும் தொகுத்து, கிடைக்கும் கோப்புகளின் முதல் நான்கு பைட்டுகளை ஒப்பிடுங்கள். அதே நிரலை லினக்ஸில் இருமுறை தொகுத்து அந்த இரு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். அவை முற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லையென்றால், எது மாறியது, ஏன் மாறியது என்று தேடுங்கள். அரை விநாடி வேறுபாட்டைத் தேடிச் சென்றவர் செய்ததும் இதுதான்.