நாவலில் வரும் பாவிகள்

சென்ற தவக்காலத்து வெள்ளிக்கிழமையொன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தார். முந்தானைக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தார். நான் அருகில் சென்றதும் அதை வெளியே எடுத்தார். அட்டை கிழிந்த ஓர் ஆங்கில நாவல்.

"சாமி, பெரியவள் படிக்கிறது. காலேஜிலே பாடமாம். நம்ம சாமியார் ஒருத்தரைப் பத்தின கதையாம். அவர் குடிப்பாராம், பிள்ளை கூட உண்டாம். உபதேசியார் சொன்னார். இதை வீட்டிலே வைக்கலாமா?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கிரஹாம் கிரீன் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி பவர் அண்ட் தி குளோரி'. ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தொடரும் புகழுரையிலிருந்து எடுக்கப்பட்ட தலைப்பு அது. "உபதேசியார் சொன்னதில் பொய்யில்லை அம்மா. அவர் குடிப்பார், பிள்ளையும் உண்டு. ஆனாலும் மகள் படிக்கட்டும். அதற்கு முன் இரண்டு நாள் என்னிடம் இருக்கட்டும்" என்றேன். அவர் முழு மனத்தோடு சம்மதித்ததாகத் தெரியவில்லை. குருவானவரே சொன்ன பிறகு மறுக்கக் கூடாதென்று போய்விட்டார்.

அன்பார்ந்த வாசகர்களே, அத்தாயின் கேள்வி அற்பமானதன்று. நம் இல்லங்களில் புனிதர் வரலாறுகள் உண்டு. அவற்றிலே நல்லவர் தொட்டிலிலிருந்தே நல்லவர். அத்தகைய நூல்களில் வளர்ந்த நமக்கு, விசுவாசமும் பாவமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் கதையைக் காணும்போது மனம் துணுக்குறுவது இயல்பே. எனினும் பல்கலைக்கழகக் கல்வி பற்றி 1852இல் எழுதிய உரைகளில், இன்று புனிதராகப் போற்றப்படும் நியூமன் இதனை ஆராய்ந்திருக்கிறார். இலக்கியம் மனிதனைக் காட்டுவது, மனிதனோ வீழ்ந்தவன், ஆதலின் கறையே படாத இலக்கியத்தைத் தேடுவது வீண் என்பது அவர் கருத்து.

கிரீன் பிறவிக் கத்தோலிக்கர் அல்லர். 1904இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நாட்டிங்ஹாம் நகரில் பத்திரிகையில் பணியாற்றியபோது, தாம் மணக்க விரும்பிய கத்தோலிக்கப் பெண்ணின் மதத்தை அறியும் பொருட்டு ஒரு குருவானவரை நாடினார். அக்குருவும் குருப்பட்டத்துக்கு முன்பு நாடக நடிகராயிருந்தவர்! வாதாடப் போனவர் 1926ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஞானஸ்நானம் பெற்றார். தம் நூல்களுள் துரத்தலும் தப்பித்தலும் நிறைந்த சிலவற்றைப் 'பொழுதுபோக்குகள்' என்றே அவர் தனியாகப் பிரித்து வைத்தார். ஆயினும் அந்த மர்மக் கதைக்காரரின் கைவண்ணம் அவருடைய கனமான நாவல்களிலும் மறையவில்லை.

1938இல் அவர் மெக்ஸிகோ சென்றார். அந்நாட்டில் 1926இலிருந்து திருச்சபை கொடிய துன்பத்தை அனுபவித்தது. முத்திப்பேறு பெற்ற மிகுவேல் புரோ என்னும் சேசு சபைக் குரு 1927இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தபாஸ்கோ மாநிலத்தில் நிலைமை இன்னும் மோசம். கரிதோ கனபால் என்பவரின் ஆட்சியில் ஆலயங்கள் இடிக்கப்பட்டன, மணம் புரியாத குருவுக்கு அங்கு இடமில்லை என்று சட்டம் செய்யப்பட்டது, மதுவும் விலக்கப்பட்டது. அங்கே மறைந்து திரிந்த குடிகாரக் குரு ஒருவர், போதையில் ஓர் ஆண் குழந்தைக்குப் பிரிஜித்தா என்று பெண் பெயர் சூட்டி ஞானஸ்நானம் கொடுத்துவிட்ட செய்தி கிரீனின் செவிக்கு எட்டியது. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். கிரீன் அதிலிருந்து ஒரு நாவலை எழுதினார்.

அந்நாவலின் குருவுக்குப் பெயரே இல்லை. காவல் நிலையச் சுவரில் இரண்டு படங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன: ஒன்று கொலைகாரக் கொள்ளையன் ஒருவனுடையது, மற்றது, முதல் நன்மை விழாவில் எடுத்த படத்தில் சிரித்த முகத்தோடு இருக்கும் இக்குருவுடையது. இருவரையும் அரசு தேடுகிறது. துரத்தும் படையதிகாரியோ ஒழுக்கமுள்ளவர், மது அருந்தாதவர், ஏழைக் குழந்தைகளிடம் இரக்கமுள்ளவர். ஓடுகிறவர் பாவி, துரத்துகிறவர் கண்ணியவான். கிரீனின் துணிச்சல் இங்கேதான் தொடங்குகிறது. குருவைக் காட்டிக்கொடுக்காத ஊர்களிலிருந்து அவ்வதிகாரி பிணையாட்களைப் பிடித்துச் சுடுகிறார். மக்கள் தமக்காகச் சாவதை அறிந்தும் குரு அப்பகுதியை விட்டுப் போகத் துணியவில்லை. போய்விட்டால் நற்கருணை கொடுப்பவர் யார்?

நாவலின் பரபரப்பு துப்பாக்கியால் வருவதன்று. திருப்பலிக்காக அலைந்து ஒரு புட்டி திராட்சை ரசத்தைக் கள்ளத்தனமாக வாங்குகிறார். விற்க வந்தவனும் உடனிருப்பவர்களும் மரியாதைக்காக அவரையும் குடிக்க அழைத்து, அவர் கண்முன்பாகவே அந்த ரசத்தைத் துளித்துளியாகக் குடித்துத் தீர்க்கிறார்கள். மறுக்கவும் முடியாது, மறுத்தால் அகப்பட்டுக்கொள்வார். அவர் கண்களில் நீர் வழிகிறது. குடிபோதை என்று அவர்கள் நினைக்கிறார்கள். பலிபீடத்தில் நிற்கும் எவரும் அந்தப் பக்கங்களை எளிதில் கடந்துவிட முடியாது.

இன்னோர் இடம். சிறைக்கூடத்தின் இருளில், நெருக்கியடித்துக் கிடக்கும் கைதிகளிடையே தாம் குரு என்பதை அவரே சொல்லிவிடுகிறார். அவர் தலைக்குப் பரிசுத் தொகை உண்டு. அந்தத் திருடரும் கொலைஞரும் மறுநாள் காலை வாய் திறப்பதில்லை. பக்தியில் சிறந்தவளென்று தன்னை நினைக்கும் ஒரு பெண்மணி மாத்திரம் அவரை இகழ்கிறாள்.

மலை தாண்டி, ஆபத்தில்லாத மாநிலத்துக்கு வந்ததும் என்ன செய்கிறார்? ஞானஸ்நானக் கட்டணத்துக்குப் பேரம் பேசுகிறார்! நான் உரக்கச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. துன்பத்தில் ஒட்டாத பழைய குணம், வசதி வந்தவுடன் வீட்டுக்குத் திரும்பும் பூனைபோல் வந்து சேர்கிறது. அந்நிலையில் ஒருவன் வந்து, எல்லைக்கு அப்பால் அந்தக் கொள்ளையன் சாகக் கிடப்பதாகவும் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைப்பதாகவும் சொல்கிறான். அழைப்பவன் தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று குருவுக்குத் தெரியும். தெரிந்தே போகிறார். பிடிபடுகிறார். சுடப்படுகிறார்.

இந்நாவலை முதன்முதலில் நான் குருமடத்தில், இருபத்தொரு வயதில் வாசித்தேன். பேராசிரியர் ஒருவர் கொடுத்தார். வெறுப்போடு திருப்பிக் கொடுத்தேன். இப்படியும் ஒரு குரு இருப்பாரா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் நூலை அலமாரியில் வைத்தார்.

குருப்பட்டம் பெற்ற ஆறாம் ஆண்டில், ஒரு மழைக்கால இரவில், பத்து மணிக்கு மேல், கிளைக் கிராமத்திலிருந்து ஓர் இளைஞன் மிதிவண்டியில் வந்து கதவைத் தட்டினான். தந்தைக்கு மூச்சுத் திணறுவதாகவும், அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டுமென்றும் கேட்டான. ஏழு மைல் தொலைவு. அன்று மூன்று திருப்பலி நிறைவேற்றிக் களைத்திருந்தேன். அவர் நீண்ட நாளாகவே நோயாளி. இதற்கு முன்பும் இருமுறை இப்படி அழைத்திருக்கிறார்கள். "விடியற்காலையில் முதல் வேலையாக வருகிறேன் தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மூன்று மணிக்கு அவர் இறந்துவிட்டார். காலையில் நான் புறப்படுமுன் அதே இளைஞன் வந்து நின்றான். அவன் ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. "சாமி, அடக்கப் பூசை எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

அடக்கம் முடிந்த சில வாரங்களில் கிரீனின் நாவலைத் தேடி எடுத்தேன். நான் குடிப்பதில்லை. என்மேல் எந்த அவதூறும் இல்லை. ஆயினும் அந்தக் குடிகாரர் போனார், நான் போகவில்லை. முதல் வாசிப்பில் நான் கேட்ட கேள்வியை இப்போது நூல் என்னிடம் கேட்டது.

திருச்சபையின் அதிகாரிகளுக்கும் இந்நாவல் எளிதாக ஜீரணமாகவில்லை. 1953இல் உரோமையின் விசுவாசப் பேராயத்திலிருந்து வந்த கண்டனக் கடிதத்தை, வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் கிரிஃபின் கிரீனுக்கு வாசித்துக் காட்டினார். நூலைத் திருத்த வேண்டுமாம். பதிப்புரிமை வெளியீட்டாளர்களிடம் இருப்பதால் இயலாதென்று கிரீன் பணிவாக நழுவிவிட்டார். அதே வேளையில் உரோமையிலேயே நூலுக்காகப் பரிந்து பேசியவர் ஒருவரும் இருந்தார்: மொந்தினி என்பவர். பின்னாளில் திருத்தந்தை ஆறாம் பவுல் ஆனவர் அவரே. 1965இல் கிரீன் அவரைச் சந்தித்தபோது, உம் நூல்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கரை எப்போதும் உறுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்னும் கருத்தில் திருத்தந்தை ஆறுதல் கூறினார். மறு ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் என்ற ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

காதல் கதையை விரும்புவோருக்கு அவருடைய 'தி எண்ட் ஆஃப் தி அஃபேர்' (1951) இருக்கிறது. திருமணமானோர் வாசித்தற்குரியது, பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் தரமாட்டேன். போர்க்கால லண்டனில் சாரா என்னும் மணமான பெண்ணும் பென்ட்ரிக்ஸ் என்னும் எழுத்தாளரும் தகாத உறவில் இருக்கிறார்கள். 1944இல் வீட்டின் மேல் குண்டு விழுகிறது. இடிபாட்டுக்கடியில் கிடந்த காதலர் இறந்துவிட்டாரென்று எண்ணிய சாரா, விசுவாசமே இல்லாத நிலையில் முழந்தாளிட்டு, அவர் பிழைத்தால் அவரை விட்டுவிடுவதாகக் கடவுளுக்கு வாக்குக் கொடுக்கிறாள். கதவு திறக்கிறது. அவர் உயிரோடு வந்து நிற்கிறார். காரணம் சொல்லாமல் பிரிகிறாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, யாரோ புதிய காதலன் இருக்கிறான் என்ற பொறாமையில் பென்ட்ரிக்ஸ் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்துகிறார். அவள் நாட்குறிப்பு கைக்கு வருகிறது. அந்தப் போட்டியாளர் யாரென்று அப்போது தெரிகிறது. துப்பறியும் கதையின் சாதனங்களையெல்லாம் கையாண்டு இறைவனைக் கண்டுபிடிக்கும் கதை வேறொன்றை நான் வாசித்ததில்லை.

நாவலின் இறுதியில் வரும் அற்புதங்கள் எனக்கு உவப்பில்லை. ஒருவர் முகத்திலிருந்த பிறவி மச்சம் மறைகிறது. அது மிகையென்று கிரீனுக்கே பின்னர் தோன்றியிருக்க வேண்டும். பிந்திய பதிப்பில் அதை, மனக்கலக்கத்தால் வந்திருக்கக்கூடிய சரும நோயாக மாற்றினார். அவர் சொந்த வாழ்வும் இந்நூலில் கலந்திருக்கிறது. மனைவியைப் பிரிந்து வாழ்ந்தவர் அவர். புனிதர் வரிசையில் அவரை யாரும் வைக்க வேண்டியதில்லை.

'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' (1948) பற்றி எனக்கு மாறுபட்ட எண்ணம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் காவல் அதிகாரியான ஸ்கோபி, எவரையும் புண்படுத்தக் கூடாதென்ற இரக்கத்தினாலேயே சாவான பாவத்தில் நற்கருணை வாங்கி, முடிவில் தற்கொலை செய்துகொள்கிறார். இவரைப் பலர் ஏறக்குறையப் புனிதராக்கிவிட்டார்கள். கத்தோலிக்க எழுத்தாளரான ஈவ்லின் வாவ் அக்காலத்திலேயே ஆட்சேபித்தார். என் எண்ணமும் அதுவே. தாம் ஒருவரே அனைவரையும் காப்பாற்ற வேண்டுமென்று நினைப்பது இரக்கம்போல் தோன்றும் அகந்தை. நல்ல வாசகருக்கு ஆசிரியரோடு சண்டையிடவும் உரிமையுண்டு.

எங்கள் இளம்பெண்கள் கைபேசியில் வாசிக்கும் அமெரிக்கக் கிறிஸ்தவக் காதல் நாவல்கள் வேறு வகை. பிரான்சின் ரிவர்ஸ் எழுதிய 'ரிடீமிங் லவ்' (1991) ஒன்றை நானும் வாசித்தேன். ஓசேயா இறைவாக்கினரின் வரலாற்றைக் கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்தில் வைத்து எழுதியது. தீமை இல்லை. கதாநாயகன் மட்டும் ஒரு குறையுமின்றி நடப்பதால், எனக்கு அவன் அலுத்துவிட்டான். ஓடிப்போகும் அந்தப் பெண்ணைத்தான் மனம் பின்தொடர்ந்தது.

கிரீனின் மெக்ஸிக நாவலிலும் பக்தியுள்ள ஒரு தாய் இருக்கிறாள். குற்றமேயில்லாத ஒரு வேதசாட்சியின் கதையைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறாள். மகனுக்கு அது சலிப்பூட்டுகிறது. குடிகாரக் குரு சுடப்பட்ட இரவில், அதே சிறுவன் கதவைத் திறந்து, ஒளிந்து வந்த புதிய குரு ஒருவரின் கையை முத்தமிடுகிறான்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மகள் வந்தாள். "ஃபாதர், முடிச்சிட்டீங்களா? வியாழக்கிழமை எனக்குத் தேர்வு." புத்தகத்தைக் கொடுத்தேன். பின்னால் நின்ற தாய், தமக்கு ஆங்கிலம் தெரியாதாகையால் கதையைச் சொல்லும்படி கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். குடித்த குற்றத்தைப் பற்றியோ, சுட்டவர்களைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை.

"அப்பன் செத்துப்போனது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா சாமி?"

நினைவுபடுத்திப் பார்த்தேன். அவளை விட்டுப் பிரிந்த வேளையில் அவர் பட்ட வேதனை உண்டு. அவளுக்காகச் செபித்தது உண்டு. அந்தச் சிறுமியின் காதுக்குச் செய்தி போனதாக எங்கும் இல்லை.

"கதையில் அது வரவில்லை அம்மா" என்றேன்.

"விசாரிச்சிருக்கலாம் அவர்" என்று கிரீனைக் கடிந்துவிட்டு, மகளின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, மழைக்கு நனையாதபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.