பெயிண்டர் சொல்ற ரேட்டை விடுங்க, முதல்ல அளவைக் கேளுங்க

ஃபிளாட் வாங்கி, இ.எம்.ஐ. கட்டி, கையில கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வர்ற முதல் பெரிய செலவு பெரும்பாலும் பெயிண்டிங்தான். ரெண்டு பெட்ரூம் வீடுன்னா சில பேருக்கு ஒரு மாசச் சம்பளம் போயிடும், சில பேருக்கு ரெண்டு மாசம். ஐயாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. ஆரம்பிக்க பத்து வீடியோ பார்க்கிற நாம, இந்தச் செலவை மட்டும் வாட்ச்மேன் குடுத்த ஒரு போன் நம்பரை நம்பி ஆரம்பிச்சிடறோம்.

வாட்ச்மேன் குடுக்கிற நம்பர் மோசம்னு சொல்ல வரலை. ஆழ்வார்பேட்டையில எங்க ஆபீசுக்கு அப்படி வந்த மேஸ்திரி நல்ல வேலைக்காரர். ஆனா அவர் நல்லவரா, கெட்டிக்காரரான்னு தெரிஞ்சுக்க அவர் குடுக்கிற கொட்டேஷனைப் படிக்கத் தெரியணும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்க ஃபிளாட் பத்திரத்துல 1,200 சதுர அடி. முதல் மேஸ்திரி சதுர அடிக்கு 18 ரூபாய்ங்கிறார். ரெண்டாவது ஆள் 22. யாரைக் கூப்பிடுவீங்க? 18-ஐத்தானே? வேலை முடிஞ்சதும் அவர் 3,600 சதுர அடின்னு பில் போடறார், 64,800 ரூபாய். ரெண்டாவது ஆளோ, ஆரம்பிக்கும் முன்னாடியே டேப் பிடிச்சு அளந்து 2,900-ன்னு எழுதிக் குடுத்தவர். அவர் கணக்கு 63,800. அதே வீடு, அதே சுவர்!

3,600 எங்கிருந்து வந்தது? சுவரும் சீலிங்கும் சேர்த்து, தரைப் பரப்பைப் போல சுமார் மூணு மடங்கு வரும்ங்கிறது இந்தத் தொழில்ல ஒரு உத்தேசக் கணக்கு. அதை கார்பெட் ஏரியா மேல போடணும். முதல் ஆள் சூப்பர் பில்ட்-அப் மேல போட்டுட்டார். அதாவது மாடிப்படி, லிஃப்ட், காரிடார்ல உங்க பங்குக்கும் சேர்த்து உங்க ஹால்ல பெயிண்ட் அடிச்சதா கணக்கு! 1,200-ல கார்பெட் ஏரியா 900-தான்னா, அளவு 2,700-லிருந்து 3,000 சொச்சத்துக்குள்ள வரணும். ரொம்பத் தள்ளிப் போனா ரூம் ரூமா அளந்து காட்டச் சொல்லுங்க. கதவு, ஜன்னல் ஓட்டையைக் கழிக்கிறாரான்னும் கேளுங்க. ஓர வேலை அதிகம்னு சில பேர் கழிக்க மாட்டாங்க. அது நியாயமும்தான். ஆனா முன்னாடியே சொல்லணும்.

அடுத்தது, அந்த ரேட்டுக்குள்ள என்னென்ன அடங்குது? பட்டி ஒரு கோட்டா, ரெண்டு கோட்டா? உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாரா? பிரைமர் உண்டா? எமல்ஷன்னா எந்த எமல்ஷன்? ஒரே கம்பெனியிலேயே மலிவானதும் இருக்கு, அதைவிடப் பல மடங்கு விலையுள்ளதும் இருக்கு. டப்பா மேல இருக்கிற முழுப் பெயரும் கொட்டேஷன்ல வரணும். கதவு, கிரில்லுக்கு எனாமல் தனியா? ஃபர்னிச்சரை மூடறது, கடைசியில தரையைச் சுத்தம் பண்றது யார்? வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பினாக்கூடப் போதும், எழுத்துல இருக்கணும்.

பெயிண்ட் யார் வாங்கறது?

மெட்டீரியலோட சேர்த்தும் பேசலாம், கூலி மட்டும் பேசிட்டு பெயிண்ட்டை நீங்களே வாங்கியும் குடுக்கலாம். ஒரு சனிக்கிழமை ஒதுக்க முடியும்னா ரெண்டாவதுதான் என் சாய்ஸ். கடை பில் உங்க பெயர்ல வரும். பெயிண்ட்டுக்கு 2018 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அது பில்லுல தெரியும். நாளைக்கு கம்பெனி வாரன்டி கேட்கப் போனாலும் அந்த பில் வேணும்.

எத்தனை லிட்டர்? எமல்ஷன் டப்பாவுலேயே ஒரு லிட்டர் எவ்வளவு பரப்புக்கு வரும்னு போட்டிருப்பாங்க. ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடின்னு வெச்சா, 2,900 சதுர அடிக்கு சுமார் 24 லிட்டர். 20 லிட்டர் ஒண்ணு, 4 லிட்டர் ஒண்ணு. 40 லிட்டர் கேட்டா ஏன்னு கேளுங்க. பன்னிரண்டு லிட்டர்ல முடிச்சிட்டேன்னு பெருமையா சொன்னா இன்னும் அழுத்திக் கேளுங்க. மீதி தண்ணியா இருக்கலாம். எவ்வளவு தண்ணி கலக்கலாம்னும் டப்பாவுல எழுதியிருக்கும்.

இன்னொரு விஷயம். பெயிண்ட் டப்பாவுக்குள்ள பெயிண்டருக்குன்னு டோக்கன் வைக்கிறது இந்தத் தொழிலோட பழைய வழக்கம். இப்ப அதை ஸ்கேன் பண்ணி பாயின்ட் ஏத்திக்கிறாங்க. ரெகுலர் பிளான்ல மியூச்சுவல் ஃபண்ட் வித்தா டிஸ்ட்ரிபியூட்டருக்கு கமிஷன் போற மாதிரிதான். டோக்கனுக்காக அவரோட சண்டை போடாதீங்க, எடுத்துக்கட்டும். ஆனா ஒரே பிராண்டை விடாம வற்புறுத்தும்போது இதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஏஷியன் பெயிண்ட்ஸ், பெர்ஜர் மாதிரி கம்பெனிகளே பெயிண்டிங் சர்வீசும் குடுக்கிறாங்க. எழுத்துல எஸ்டிமேட், வாரன்டி எல்லாம் ஒழுங்கா வரும். ஆனா பிரஷ் பிடிக்கப் போறது பெரும்பாலும் உள்ளூர் கான்ட்ராக்டரோட ஆட்கள்தான். அதனால அங்கேயும் இதே கேள்விகள்தான்.

ஷேட் கார்டை நீட்டறவரா, சுவரைத் தொடறவரா?

ஆளை எடை போட எனக்குத் தெரிஞ்ச நம்பகமான டெஸ்ட் இது. வீட்டுக்கு வந்ததும் கலர் என்னன்னு கேட்கிறாரா, இல்ல பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறாரா?

ஆழ்வார்பேட்டை, அபிராமபுரம், மந்தைவெளிப் பக்கம் முப்பது, நாற்பது வருஷப் பழைய ஃபிளாட்டுகள் நிறைய. ஓதம் ஏறாத வீடு அபூர்வம். அதுக்கு மேல எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடிச்சாலும் கொஞ்ச மாசத்துல கொப்பளிச்சு, உப்புப் பூத்து, உரிஞ்சு வரும். வாரன்டி நிபந்தனைகள்லயும் ஓதமும் கசிவும் பெரும்பாலும் சேராது. "சார், முதல்ல பிளம்பரைக் கூப்பிட்டு கசிவை அடைங்க. சுவர் காயட்டும், அப்புறம் வர்றேன்" அப்படின்னு சொல்றவர் தன்னோட இன்னைக்கு வருமானத்தையே தள்ளிப் போடறார். அவரை விடாதீங்க. "வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா எல்லாம் சரியாயிடும் சார்"னு ரெண்டு நிமிஷத்துல முடிக்கிறவர்கிட்ட எச்சரிக்கையா இருங்க.

நம்ம ஊர்ல இதுல ஒரு சிக்கல். எல்லாருக்கும் பொங்கலுக்கு முன்னாடி வீடு பளிச்சுன்னு இருக்கணும். ஆனா வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லிருந்து டிசம்பர் வரைக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை எப்படிப் பெஞ்சதுன்னு மறந்திருக்க மாட்டீங்க. சுவர் தண்ணியைக் குடிச்சிட்டு நிக்கிற நேரத்துலதான் பெயிண்டர்களுக்கும் கிராக்கி. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் வெச்சுக்கிட்டா சுவரும் காய்ஞ்சிருக்கும், மேஸ்திரியும் நிதானமா வேலை பார்ப்பார். பொங்கல் ஆசை இருந்தா ஹாலை மட்டும் அடிச்சுக்கலாம்!

பழைய வேலையைக் காட்டச் சொல்லும்போதும், போன மாசம் முடிச்ச வீட்டைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. புது பெயிண்ட் எல்லாமே அழகு. ரெண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்க.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தா ஒண்ணு கவனிங்க. வீட்டு பெயிண்ட்டுல ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2017 நவம்பர்லிருந்து விதி. அதுக்கு முன்னாடி அடிச்ச எனாமலைச் சுரண்டும்போது வர்ற தூள் நல்லதில்லை. ஈரம் பண்ணித் தேய்க்கச் சொல்லுங்க, அந்த நாட்கள்ல குழந்தையை வேற இடத்துல வெச்சுக்குங்க.

பில்லும் பணமும்

"ஜி.எஸ்.டி. இல்லாத பெயிண்டர் டுபாக்கூரா சார்?"னு என்கிட்டக் கேட்பாங்க. இல்லை. சேவைத் தொழில்ல வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள்ள வரவு இருந்தா பொதுவா பதிவே தேவையில்லை. நிறைய மேஸ்திரிகள் அதுக்குள்ளதான். தப்பு எங்கன்னா, பதிவு இல்லாமலே "ஜி.எஸ்.டி. 18 சதவீதம்"னு சேர்த்து வாங்கறதுல. நம்பர் குடுத்தா ஜி.எஸ்.டி. தளத்துல போட்டுப் பாருங்க. மொத்தம் 15 எழுத்து, தமிழ்நாடுன்னா 33-ல ஆரம்பிக்கும். பேர் பொருந்தணும், பதிவு நடப்புல இருக்கணும்.

டி.டி.எஸ். கவலை வேண்டாம். சொந்த வீட்டு வேலைக்கு ஒருத்தருக்கு வருஷத்துல 50 லட்சத்துக்கு மேல குடுத்தாத்தான் அந்தப் பேச்சு. ஆனா ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது, அபராதம் வாங்கறவருக்கு. யு.பி.ஐ.-ல குடுத்தா ரெண்டு பேருக்கும் சாட்சி.

பாதி அட்வான்ஸ் கேட்டா ஒத்துக்காதீங்க. 15 சதவீதம் முன்பணம், பட்டி, பிரைமர் முடிஞ்சதும் ஒரு பகுதி, முதல் கோட்டுக்கு ஒரு பகுதி, கடைசி 15 சதவீதம் டச்சப்பும் சுத்தமும் முடிஞ்ச பிறகு. அதே சமயம், வேலை முடிஞ்ச அன்னைக்கே அந்தக் கடைசிப் பணத்தைக் குடுத்துடுங்க. அது அவர் ஆட்களோட கூலி. இழுத்தடிக்கிற வீட்டுக்கு அடுத்த தடவை நல்ல மேஸ்திரி வர மாட்டார்.

வேலை மோசமா முடிஞ்சு, பேசியும் சரியாகலைன்னா 1915-ல தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. அதுவும் சரிவரலைன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. அந்த வாட்ஸ்அப் கொட்டேஷனும் யு.பி.ஐ. ரசீதும்தான் அங்க உங்க ஆதாரம்.

வரிச் சலுகை? நீங்க குடியிருக்கிற வீட்டுக்கு பெயிண்ட் செலவைக் கழிக்க வழியில்லை. ரிப்பேருக்குன்னு கடன் வாங்கினா அதோட வட்டியில வருஷத்துக்கு 30,000 வரைக்கும் கழிக்கலாம், அதுவும் பழைய முறையில மட்டும். வாடகைக்கு விட்ட வீடுன்னா நீங்க பெயிண்ட் அடிச்சாலும் அடிக்காட்டாலும் 30 சதவீதக் கழிவு தானா கிடைக்கும்.

வாடகை வீட்டில் இருக்கிறவங்களுக்கும் இதுல வேலை இருக்கு. காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்குன்னு அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகையைப் பிடிக்கிறது சென்னை வழக்கம். ஆனா 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தோட அட்டவணையில, வெள்ளையடிக்கிறதும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கிறதும் வீட்டு ஓனர் பொறுப்புலதான் இருக்கு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா கதை மாறும். அதனால கையெழுத்துப் போடும் முன்னாடி அந்த வரியைத் தேடிப் பாருங்க. இருந்தா, "உண்மையான பில் தொகை அல்லது ஒரு மாத வாடகை, எது குறைவோ அது"ன்னு மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க.