களிமண் எறும்புக்கு எத்தனை கால்?

மூன்று களிமண் உருண்டைகளை வரிசையாக ஒட்டினால் எறும்பின் உடல் தயார். முதல் உருண்டை தலை, நடுவில் மார்பு, கடைசியில் வயிறு. ஈர்க்குச்சித் துண்டுகள் ஆறு, கால்களாகும். தலையில் செருகும் இரண்டு துண்டுகள் உணர்கொம்புகள். நான்கு வயதுப் பிள்ளை இதைச் செய்யும்போது கால்களை உடல் முழுக்கப் பரப்பிக் குத்துவது உண்டு. நாய்க்கு வைப்பதுபோல நான்கோடு நிறுத்திவிடுவதும் உண்டு. வாசற்படியில் ஊரும் எறும்பைக் குனிந்து பார்த்தால் பிழை விளங்கிவிடும். ஆறு கால்களும் நடு உருண்டையிலிருந்தே புறப்படுகின்றன. வளர்ந்த பூச்சிகள் அனைத்துக்கும் பொதுவான அமைப்பு இது. பழந்தமிழ் வண்டுக்கு 'அறுபதம்' என்று பெயரிட்டதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கைவேலையைக் கல்வியின் உறுப்பாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் பிரீட்ரிக் ஃப்ரோபெல். 1837இல் அவர் தொடங்கிய மழலையர் பள்ளியில் காகிதம் மடிப்பதும் களிமண் பிசைவதும் பாடங்களாயின. காகிதத்தைக் கிழிக்கும்போதும் மண்ணை உருட்டும்போதும் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் சேர்ந்து இயங்கப் பழகுகின்றன. பின்னாளில் பென்சில் பிடிக்கத் தேவைப்படுவது இதே பழக்கம்.

நீலகிரியின் மேற்கு ஓரத்தில், வயநாட்டை ஒட்டிய பந்தலூர் வட்டத்தில் இத்தகைய கைவேலைக்கான பொருள்களுக்கும் இடத்துக்கும் குறைவில்லை. தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே அங்கன்வாடிகள் வந்தன. தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் பந்தலூரும் அருகிலுள்ள தேவாலாவும் சேரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிள்ளைகள் கூரைக்குள் அடைந்திருக்கும் நாள்கள் பல. வெயில் நாளில் சேர்த்த சருகும் குச்சியும் விதையும் அப்போது கைகொடுக்கும்.

எறும்புக்கு அடுத்தபடி வண்ணத்துப்பூச்சி. தாளை நடுவே மடித்து விரித்து, ஒரு பாதியில் மட்டும் வண்ணம் தீட்டி, மீண்டும் மடித்து அழுத்தினால் மறு பாதியில் அதே உருவம் பதியும். இரு பக்கமும் ஒத்திருப்பது என்றால் என்ன என்பது சொல்லாமலே புரியும். மஞ்சள்தூள், செம்மண், பீட்ரூட் சாறு, திக்கான தேயிலைச் சாயம் எல்லாம் வண்ணங்கள்தாம். மஞ்சளும் செம்மண்ணும் கலந்து பூசி, ஓரத்தில் கரிக்கோடு இழுத்தால் தமிழ் மறவன் வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் இந்தக் காவி நிற வண்ணத்துப்பூச்சி 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அது அமர்ந்திருக்கையில் பார்த்தால் நான்கு கால்களே தெரியும். முன்னங்கால்கள் இரண்டும் குறுகி, நடக்க உதவாதபடி மார்போடு ஒடுங்கியிருக்கும். ஆறு என்ற கணக்குச் சரிதான். தேடித்தான் பார்க்க வேண்டும்.

நிழலுக்காகத் தேயிலைக்கு நடுவே வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த இலைகள் தட்டானுக்குச் சிறகாகும். ஈர்க்குச்சி உடலில் நான்கு இலைத் துண்டுகளை விரித்து ஒட்டினால் தட்டான். முதுகின்மேல் சேர்த்து ஒட்டினால் ஊசித்தட்டான். இரண்டும் ஓய்வெடுக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு இதுவே. பொறிவண்டுக்குச் சிவப்புத் தாளில் இரண்டு மூடிகள் வெட்டி, ஊசிமுனையில் சுழலும்படி பெரியவர் பொருத்தித் தரலாம். மூடியைத் திறந்தால் அடியில் மெல்லிய பாலித்தீன் சிறகு மடிந்திருக்கும். வண்டினங்களின் முன்சிறகு பறப்பதற்குப் பயன்படும் பின்சிறகைக் காக்கும் கவசம் என்பதைப் பிள்ளை தன் விரலால் திறந்து அறியும்.

வாழ்க்கைச் சுழற்சிக்கு ஒரு காகிதத் தட்டு போதும். தட்டை நான்காகப் பிரித்து, முட்டைக்குக் கசகசா, புழுவுக்கு வரிசையாக ஒட்டிய பச்சைப்பயறு, கூட்டுப்புழுவுக்கு நிலக்கடலைத் தோல், வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு சருகுகள் வைக்கலாம். தட்டானுக்கும் வெட்டுக்கிளிக்கும் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. அவற்றின் தட்டு மூன்றாகத்தான் பிரியும்.

பந்தலூர்ப் பகுதியின் காட்டுநாயக்கர் பழங்குடியினர் தேன் எடுப்பதில் தேர்ந்தவர்கள். தேனடையை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அதைச் செய்ய, பழைய நோட்டுத் தாளைச் சிறு குழல்களாகச் சுருட்டி ஒன்றாகக் கட்டினால் குழல்களுக்கு நடுவே சந்து இருக்கும். சுற்றிலும் அழுத்தினால் சந்து மறைந்து, ஒவ்வொரு குழலும் ஆறு பக்கம் கொள்ளும். சம பரப்புள்ள அறைகளாக இடத்தைப் பிரிக்க மிகக் குறைந்த சுவர் போதுமான வடிவம் அறுகோணமே என்று கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் 1999இல் நிறுவினார்.

தமிழில் 'பூச்சி' என்ற சொல் தாராளமானது. சிலந்தியும் எட்டுக்கால் பூச்சிதான். அந்தப் பெயரே அது வேறு இனம் என்பதையும் சொல்லிவிடுகிறது. தேயிலையில் பெயர்க் குழப்பம் இன்னும் அதிகம். தளிரின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு உண்மையில் கொசு இல்லை. கொசுவுக்குச் சிறகு இரண்டு. நாவாய்ப்பூச்சி இனமான இதற்கு நான்கு. ஆனால் இரண்டும் ஆறுகால் கூட்டம். இலையைச் சிவக்க வைக்கும் செஞ்சிலந்திக்கு வளர்ந்தபின் எட்டுக் கால். மழைக்காலத்தில் காலைப் பற்றும் அட்டைக்குக் காலே இல்லை. களிமண்ணில் இவற்றையெல்லாம் செய்து, ஆறு கால் உள்ளவை ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம் என்று பிரிப்பதே வகைப்பாட்டியலின் முதல் பாடம்.

மூன்று வயதுக்குக் கிழிப்பதும் ஒட்டுவதும் உருட்டுவதும் போதும். ஐந்து வயதில் மழுங்கிய கத்தரிக்கோல் தரலாம். பயறு, கடலை போன்றவை மூக்கிலோ தொண்டையிலோ சிக்கக்கூடும் என்பதால் பெரியவர் அருகில் இருக்க வேண்டும். கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் அரிக்கும். அதைக் கண்ணால் பார்த்தால் போதும். தேன்கூட்டின் அருகே போகக் கூடாது. மருந்து தெளித்த தோட்டத்தில் இலை பொறுக்கவும் கூடாது. கால் எண்ணுவதற்காகக் கண்ணாடிப் புட்டியில் எடுத்த பூச்சியை, எண்ணி முடித்ததும் எடுத்த செடியிலேயே விட்டுவிட வேண்டும்.