ஓடும் நாயா, காக்கும் நாயா?

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுப்பட்டி இருக்கும் இடத்தில் ஒரு நாயும் இருக்கும். இரவில் பட்டிக்கு அதுவே காவல். மல்லாட்டைக் கொல்லையில் பன்றி இறங்கினால் குரைத்து எழுப்புவதும் அதுவே. ஒரு வேளைக் கூழோ சோறோ தவிர அது வேறு கூலி கேட்பதில்லை.

‘சிப்பிப்பாறைக் கலப்பு’, ‘கன்னிக் கலப்பு’ என்று சொல்லி விற்கப்படும் குட்டிகளுக்கு நல்ல கிராக்கி உண்டு. காலில் வேகம் இருந்தால் காவலும் நன்றாக இருக்கும் என்று எண்ணி வாங்குவோர் பலர். பணத்தை எடுக்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். பட்டிக்கு வேண்டியது ஓடும் நாயா, காக்கும் நாயா?

இனத்துக்கு ஒரு தொழில்

தமிழ்நாட்டு நாய் இனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையும், அதற்கு உறவான கன்னியும் ஒல்லியான உடல், நீண்ட கால், ஆழ்ந்த மார்பு கொண்டவை. இவை கண்ணால் கண்டு துரத்தும் முயல்வேட்டை நாய்கள். வெள்ளை நிற ராஜபாளையம் நாய் இவற்றைவிடக் கனத்த உடல் கொண்டது. வீட்டுக் காவலுக்குப் பேர் போனது. தேனி மாவட்டத்துக் கோம்பை நாயும் காவலுக்குக் கெட்டி.

2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டில் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்த செய்தி வெளிவந்தது. இந்த இனங்கள் கலப்பில்லாமல் காக்கப்பட வேண்டியவை என்பதற்கு இது அத்தாட்சி.

சீமையில் செய்த கலப்பு

வேட்டை நாயை வேறு நாயோடு கலப்பது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கமல்ல. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ‘லர்ச்சர்’ என்று ஒரு வகை நாய் உண்டு. அது தனி இனமல்ல. கிரேஹவுண்டு போன்ற ஓட்ட நாயை வேறொரு வேலை நாயோடு சேர்த்து எடுத்த கலப்பு. இதில் ஆடு மடக்கும் கோலி நாயோடு சேர்த்ததற்குத் தனி மதிப்பு.

காரணம் எளிது. முயல் கண்ணில் பட்டுவிட்டால் ஓட்ட நாய்க்கு எசமான் குரல் காதில் ஏறாது. கோலியோ ஒரு விசிலுக்கு நிற்கும், மறு விசிலுக்குத் திரும்பும். இரண்டையும் சேர்த்தால் வேகமும் சொல்பேச்சும் ஒரே நாயில் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் எல்லாக் குட்டியிலும் இந்தக் கணக்கு பலிப்பதில்லை. ஒரே ஈற்றில் ஒரு குட்டி தாயைக் கொள்ளும். இன்னொன்று தகப்பனைக் கொள்ளும்.

ஆடு வளர்ப்போர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் உண்டு. கோலி ஆட்டை மடக்குவதும் வேட்டைக் குணத்தின் மிச்சமே. பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது எல்லாம் அதனிடம் உண்டு. கடித்துக் கொல்லும் குணத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் குறைத்திருக்கிறார்கள். அதை வேட்டை நாயோடு சேர்த்தால் குறைந்த குணம் திரும்பி வரலாம். ஆடு ஓடினால் போதும், அந்த நாய்க்கு அது முயலாகத் தோன்றிவிடும். நம் ஊர்க் கலப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

துரத்துவதும் வேட்டைதான்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், மான், காட்டுப்பன்றி எதையும் அனுமதியின்றி வேட்டையாடக் கூடாது. கொல்லுவது மட்டுமே வேட்டை என்று நினைப்பது தவறு. பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே சட்டப்படி வேட்டைதான். மாட்டினால் சிறையும் அபராதமும் உண்டு. லர்ச்சர் பிறந்த இங்கிலாந்திலேயே நாயை விட்டு முயல் வேட்டையாடுவதும் மான் வேட்டையாடுவதும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுவிட்டன. சீமை முயலுக்கும் எலிக்கும் அங்கே விலக்கு உண்டு.

திருவண்ணாமலைக்கு இது நேரடியாகப் பொருந்தும். கிரிவலப் பாதைக்கு உள்ளே இருக்கும் மலைக்காட்டில் புள்ளிமான்கள் உண்டு. கோடையில் அவை தண்ணீர் தேடி இறங்கும்போது நாய்களிடம் கடிபட்டுச் சாகின்றன. வரப்போரம் கட்டிய நாய் குரைத்து எழுப்பினால் அது காவல். அவிழ்த்துக் காட்டுக்குள் ஏவினால் அது வேட்டை. பன்றியால் பயிர் சேதமானால் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து இழப்பீடு கேட்பதே சரியான வழி.

இரவில் அவிழ்ந்து திரியும் நாய் ஆட்டுக்கும் எமன். காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றதால் 2024, 2025 ஆண்டுகளில் விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராட நேர்ந்தது.

பட்டிக்கு ஏற்ற குட்டி

பட்டிக் காவலுக்கு நிதானமான நாட்டு நாயே போதும். பட்டியில் வேலை செய்யும் தாயின் குட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கொண்டு வந்ததும் பட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் தடுப்புக் கட்டி, ஆடுகளின் வாடையும் சத்தமும் பழகும்படி விட வேண்டும். நான்கு மாதத்துக்குள் பழகியதுதான் நிலைக்கும். விளையாட்டாகக் கூட ஆட்டுக்குட்டியைத் துரத்த விடாமல் அந்த நேரமே அதட்டித் தடுக்க வேண்டும்.

ராஜபாளையம் குட்டி வாங்குவோர் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது அவசியம். வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவது உண்டு. காது கேளாத நாய் இரவுக் காவலுக்கு உதவாது.

நாயால் ஆட்டுக்கு வரும் நோய்

ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தால் மூளையில் நீர்க்கட்டி இருக்கலாம். நாயின் குடலில் வாழும் ஒரு வகை நாடாப்புழுவே இதற்குக் காரணம். நாயின் மலத்தோடு வெளியேறும் புழு முட்டை புல்லில் ஒட்டி ஆட்டின் வயிற்றுக்குள் போகிறது. பின்பு மூளையில் கட்டியாகிறது. அந்த ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்குப் போட்டால் புழு மறுபடி நாய்க்கே வந்து சேரும். ஈரல், நுரையீரலில் நீர்ப்பை உண்டாக்கும் வேறொரு நாடாப்புழுவும் இதே வழியில் பரவுகிறது. அதன் முட்டை மனிதருக்கும் நோய் தரும்.

இந்தச் சுற்றை அறுப்பது சுலபம். செத்த ஆட்டின் தலை, ஈரல், குடல் எதையும் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. ஆழமாகப் புதைக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் நாயின் எடையைச் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாடாப்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

மூன்று மாதக் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிது.

குட்டி போட வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடலாம். நாய் ஊர் சுற்றுவதும் குறையும்.

விடியற்காலையில் பட்டியைத் திறந்து எண்ணும்போது ஆடு குறையாமல் இருக்க வேண்டும். நாயும் வாசலிலேயே படுத்திருக்க வேண்டும். ஆட்டுக்காரருக்கு அதுவே நல்ல ஜாதி நாய்.